புள்ளிகள் பொருளாகும்போது

செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் கடைசியில் நிறச் சதுரங்கள்தான், அதாவது படப் புள்ளிகள்தான் மிஞ்சும். ஒவ்வொரு சதுரத்தையும் தனியாகப் பார்த்துப் பெயர் வைப்பது பழைய முறை. அதில் வயல் நடுவே தார்ச்சாலைத் துணுக்கு முளைக்கும். கட்டட நிழல் குளமாகிவிடும். படம் முழுக்கக் கடுகு இறைத்தாற்போல் இருக்கும்.

2000-ல் ம்யூனிக்கிலிருந்து வந்த ஈகாக்னிஷன் மென்பொருள் வேறு வழியில் போனது. அதன் பின்னால் இருந்தவர் 1986-ல் இயற்பியல் நோபல் பெற்ற கெர்ட் பின்னிக். ஒத்த நிறமுள்ள அக்கம்பக்கப் புள்ளிகளை முதலில் ஒரு பொருளாகச் சேர். பிறகு பெயர் வை. எவ்வளவு அழகான யோசனை! பொருளாகிவிட்டால் அதற்கு நீளம் உண்டு, பரப்பு உண்டு, அண்டை அயல் உண்டு. ஆழமான நீரும் நிழலும் ஒரே கறுப்புதான். ஆனால் நிழலை ஒட்டி ஒரு கட்டடம் நிற்கும். அதை வைத்தே பிரித்துவிடலாம்.

‘பொருள்’ என்ற இந்த யோசனைக்கு நிரலாக்கத்திலும் ஒரு சொந்தம் உண்டு: ஆஸ்லோவில் டாலும் நிகார்டும் உருவாக்கிய சிமுலா 67 நிரல்மொழி. தரவையும் அதன் செயல்களையும் ஒரே கூட்டில் வைத்து, வகுப்பு, துணைவகுப்பு என்று வாரிசுரிமை கொடுத்தது அது. ஈகாக்னிஷனிலும் ‘தாவரம்’ வகுப்பின் பண்புகள் ‘காடு’க்கு அப்படியே இறங்கும்.

சிதறிக் கிடந்த புள்ளிகள் திரண்டு, ஆற்றின் கரை ஒரே கோடாக எழுந்து வருவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.