நாலு மில்லிமீட்டர் கூரை

மீன்தொட்டி வைத்திருக்கும் வீட்டுக்குப் போனால் எல்லோரும் மீனைப் பார்ப்பார்கள். என் கண் முதலில் மேலே போகும். கடையில் வாங்கிய ஃபைபர் டாப் என்றால் அதோடு சரி, மீனுக்கு வந்துவிடுவேன். வீட்டுக்காரர் கையால் செய்த மூடி என்றால் காபி ஆறிப்போகும்வரை பேச்சு அதிலேயே நிற்கும். கொளத்தூர்க் கடைகளில் தொட்டி, ஸ்டாண்டு, கூழாங்கல், ஏர் மோட்டார் என்று ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்து வாங்குகிறவர்கள்கூட, மூடி என்று வந்ததும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். தொட்டியிலேயே அதிக யோசனை கேட்கிற பாகம் அதுதான் என்பது என் கட்சி.

மற்ற பாகங்களுக்கு ஆளுக்கொரு வேலை. மூடிக்கோ ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் வேலைகள். மீன் வெளியே போகக் கூடாது, காற்று உள்ளே வர வேண்டும். தண்ணீர் ஆவியாகிக் குறையக் கூடாது, சூடும் தேங்கக் கூடாது. பல்லி விழக் கூடாது, ஆனால் வயரும் டியூபும் தீனி போடும் கையும் நுழைய வேண்டும். நல்ல மூடியைப் பார்த்தால் அதைச் செய்தவர் இவற்றில் எதற்கு விட்டுக்கொடுத்தார், எதற்கு விட்டுக்கொடுக்கவில்லை என்பது தெரிந்துவிடும். என்னுடைய ரசனையெல்லாம் அந்தப் பேரத்தில்தான்.

மீன் தாண்டும் என்பதற்குச் சாட்சி தேடித் தூரம் போக வேண்டாம். தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனியின் லெப்டினன்டாக இருந்த டால்டார்ஃப், 1791-ல் பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த ஒரு மீனைப் பிடித்ததாக எழுதினார். 1797-ல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அது அச்சாயிற்று. நம் பனையேறிக் கெண்டைதான் அது. பனை ஏறுமா என்று பின்னால் வந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். செவுள் மூடியின் முட்களை ஊன்றி ஈரத்தரையில் நகர்ந்துபோகும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அரோவானாவின் வழி வேறு. அமேசான் கரையில் தண்ணீருக்கு மேல் தொங்கும் கிளையிலிருந்து வண்டை எகிறிக் கவ்வுகிற பரம்பரை அது. வாஸ்துவுக்காக அதை வாங்கி ஹாலில் வைக்கிறவர்கள் மூடிமேல் ஒரு செங்கல்லையும் வைத்துவிடுகிறார்கள். வாஸ்து என்ன சொல்லுமோ, பார்க்கச் சகிக்கவில்லை.

இன்னொரு வகை மீனுக்கு மூடிதான் வானிலை. ஃபைட்டருக்கும் கௌராமிக்கும் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு உண்டு. நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கி அதில் நிறைத்துக்கொள்ளும். குஞ்சுகளுக்கு அந்த உறுப்பு உருவாகிற வாரங்களில் தண்ணீருக்கு மேலிருக்கும் காற்று வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும். அதனால்தான் ஃபைட்டர் குஞ்சு பொரிக்கிறவர்கள் தொட்டியின் வாயைத் தாள் போட்டாவது மூடிவிடுவார்கள். தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவிலுள்ள அந்த இரண்டங்குல இடத்தை வெற்றிடம் என்று நினைப்பவர் நல்ல மூடி செய்யமாட்டார்.

பொருளில் கண்ணாடிக்கே என் ஓட்டு. 60 செ.மீ.க்கு 30 செ.மீ. தொட்டிக்கு 4 மி.மீ. கண்ணாடி போதும். முழுசாக மூடினாலும் 1.8 கிலோவைத் தாண்டாது. தொட்டியின் உள்விளிம்பை ஒட்டி ஓடும் கண்ணாடிப் பட்டிகளின்மேல் மூடி உட்கார வேண்டும், சுவர்களுக்கு வெளியே நீட்டிக்கொண்டு அல்ல. உள்ளே உட்கார்ந்தால் அடியில் திரளும் நீர்த்துளி தொட்டிக்கே திரும்பும். வெளியே நீட்டினால் சுவர் வழியாக வழிந்து ஸ்டாண்டை ஊறவைக்கும். நாலு பக்கமும் மூன்று மி.மீ. குறைத்து அளவு கொடுப்பது வழக்கம். பின்மூலையில் டியூப் போக வழி வேண்டுமென்றால் மூலையைக் குறுக்காக வெட்டச் சொல்லலாம். கண்ணாடிக் கடைக்காரர் ஒரு கோடு கிழித்துத் தட்டித் தந்துவிடுவார். எல் வடிவில் உள்வாங்கி வெட்டச் சொன்னால் தலையை ஆட்டுவார். விரிசல் அந்த உள்மூலையிலிருந்துதான் ஓடும்.

நான் கண்ட கீல்களிலேயே அழகானது சிலிகான் கீல். மூடியை இரண்டு துண்டாக வெட்டி, பின்துண்டையும் முன்துண்டையும் மூன்று நாலு மி.மீ. இடைவெளி விட்டுப் படுக்கவைப்பார்கள். இரு கரையிலும் மாஸ்கிங் டேப். இடைவெளியில் சிலிகானை ஒரே இழுப்பில் விட்டு, சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் ஒரே வழிப்பு. காயுமுன்னே டேப்பை உரித்துவிட வேண்டும். வினிகர் வாடை அடிக்கிற சாதா சிலிகான்தான் வேண்டும். பாத்ரூமுக்கென்று பூஞ்சை மருந்து சேர்த்து விற்பது மீனுக்கு ஆகாது. ஒரு முழுநாள் காயவிட்டால் இடைவெளி ரப்பர் மடிப்பாகிவிடும். திருகாணி இல்லை, துரு இல்லை, திறக்கும்போது சத்தமும் இல்லை. இதில் கையின் தரம் அந்த ஒரு இழுப்பில் தெரியும். நடுவில் நிறுத்தித் தொடர்ந்தவரின் கீலில் அந்த இடம் முடிச்சாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

அக்ரிலிக் பார்வைக்குக் கண்ணாடி மாதிரியே இருக்கும். ஆனால் ஈரம் குடிக்கும். அடிப்பக்கம் குடித்து விரிய, மேல்பக்கம் காய்ந்தபடியே இருக்க, சில வாரங்களில் ஓரங்கள் அப்பளம் போல மேலே எழும்பும். திருப்பிப் போட்டால் நிமிரும், பிறகு மறுபடியும் வளையும். தேர்தல் தட்டி அடிக்கிற சன்பேக் அட்டை இலேசு, விலையும் இல்லை. தேர்தல் முடிந்த வாரத்தில் ஏதாவதொரு தலைவர் எந்தத் தொட்டிமேலாவது மல்லாந்து படுத்திருப்பார். அதிலும் நுணுக்கம் உண்டு. உள்ளே ஓடும் குழல்கள் தொட்டிக்குக் குறுக்காக இருந்தால் தொய்வு குறையும், நீளவாக்கில் இருந்தால் நடுவில் தொங்கும். ஓரங்களை டேப்பால் அடைக்காவிட்டால் குழல்களில் தண்ணீர் ஏறிப் பாசி பிடிக்கும்.

விளக்கு வைக்கிற பெட்டி மூடி வேண்டுமென்றால் ஏ.சி.பி. ஷீட்டுக்கு ஈடில்லை. கடைமுகப்புகளில் ஒட்டுகிற, இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த அதே பலகைதான். போர்டு செய்யும் பட்டறையில் வெட்டுத்துண்டு கிடைக்கும். பின்பக்கம் ஆங்கில வி போல வாய்க்கால் கீறி, முன்தகட்டை மட்டும் அறாமல் விட்டு மடித்தால், வெளியிலிருந்து பார்க்க ஒரு மூட்டும் தெரியாத கூர்மையான விளிம்பு வரும்.

சென்னை மே மாதத்தில் மட்டும் கண்ணாடியை எடுத்துவிட்டு, அலுமினியச் சட்டத்தில் கொசுவலை இழுத்துக் கட்டிய மூடியைப் போடுகிறவர்கள் உண்டு. அது புத்திசாலித்தனம். ஆவி போகப் போகத் தண்ணீர் குளிரும், கோல்டு ஃபிஷ் பிழைக்கும். ஆனால் போவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கும். குறைந்ததைப் போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே இருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும், சுவரில் வெள்ளைக்கோடு கிழிக்கும். வலைமூடிக்காரர் ஆர்.ஓ. தண்ணீரோ மழைத்தண்ணீரோ சேர்த்துவைக்க வேண்டும்.

கைப்பிடிக்குக் கதவுக்குமிழ் வாங்கித் துளை போடுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. மீந்த கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிலிகானில் நிறுத்தினாலே போதும். வேலூர் நண்பர் ஒருவர் சோடா பாட்டிலின் கோலிகள் இரண்டை விரல் இடம் விட்டு ஒட்டியிருந்தார். நடுவில் இல்லாமல் ஏன் இடது ஓரத்தில் என்று கேட்டேன். “வலது கையிலதான் தீனி டப்பா இருக்குமே சார்” என்றார்.