விஞ்ஞான நிலையங்களும் மக்களும்: எக்ஸ்புளோரற்றோரியம் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

விஞ்ஞானத்தை மக்களிடம் எடுத்துச் செல்லுதல் என்னும் தொடர் இன்று பெருவழக்காகிவிட்டது. ஆயினும் அத்தொடர் ஒன்றுக்கொன்று மாறான இரு பொருள்களில் வழங்குவதைப் பலரும் மனங்கொள்வதில்லை. விஞ்ஞானத்தின் பெறுபேறுகளை மக்களுக்குக் காட்டி அவர்களை வியக்கச் செய்தல் ஒன்று. விஞ்ஞானம் தன் முடிவுகளை எவ்வாறு அடைகின்றது என்பதை அறிந்து, அவ்வழியை மக்கள் தமதாக்கிக்கொள்ளச் செய்தல் மற்றையது. முன்னையதில் மக்கள் பார்வையாளர். பின்னையதில் அவர்கள் பங்காளர். கடந்த அரை நூற்றாண்டில் உலகெங்கும் பல்கிப் பெருகியுள்ள விஞ்ஞான நிலையங்கள் இரண்டாவது பணியைச் செய்வதாகவே உரிமை கோருகின்றன. அவ்வுரிமை எத்துணை பொருத்தமானது என்பதை, அந்நிலையங்கள் பலவற்றுக்கு முன்மாதிரியாய் அமைந்த ஒரு நிறுவனத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்ணாடிப் பேழைக்குள் பொருளைப் பூட்டி வைத்துத் ‘தொடாதே’ என எழுதி வைப்பதே நெடுங்காலமாக நூதனசாலையின் இயல்பாக இருந்தது. இந்நிலை 20ஆம் நூற்றாண்டில் படிப்படியாக மாறிற்று. ஒஸ்கார் வொன் மில்லர் 1903இல் மியூனிக்கில் நிறுவிய ஜேர்மன் நூதனசாலையில், பொத்தானை அழுத்தியும் கைபிடியைச் சுழற்றியும் இயந்திரங்களை இயக்கிப் பார்க்கும் வாய்ப்பு மக்களுக்குக் கிட்டிற்று. 1931இல் இலண்டன் விஞ்ஞான நூதனசாலை சிறுவர்க்கெனத் தனிக்கூடமொன்றைத் திறந்தது. பிரான்சில் மக்கள் முன்னணி ஆட்சி நிலவிய 1937ஆம் ஆண்டில், அணுக்களின் இருப்பை ஐயமற நிறுவிய பௌதிகவியலாளரான ஜான் பெரனின் முயற்சியால் பாரிசில் கண்டுபிடிப்பு மாளிகை தோன்றிற்று. அங்கே ஆய்வுகூடப் பரிசோதனைகள் பொதுமக்கள் கண்முன்னே செய்து காட்டப்பட்டன. ஆய்வுகூடத்தின் கதவு உழைக்கும் மக்களுக்கும் திறக்கப்பட வேண்டும் என்ற அக்கால முற்போக்காளரின் வேட்கை அம்மாளிகையில் உருப்பெற்றது எனலாம்.

இம்மூன்று நிறுவனங்களையும் 1965இல் ஐரோப்பாவிற் சென்று கண்டவர் பிராங்க் ஒப்பன்ஹைமர். அணுகுண்டுத் திட்டத்தின் விஞ்ஞானத் தலைவரான றொபேட் ஒப்பன்ஹைமரின் இளவல் இவர். தாமும் அத்திட்டத்தில் யுரேனியத்தைப் பிரித்தெடுக்கும் பணியில் ஈடுபட்டார். 1945 யூலை 16ஆம் நாள் முதற்குண்டு வெடித்தபோது அங்கிருந்தார். 1930களின் பிற்பகுதியில் இவர் கம்யூனிஸ்ட் கட்சியின் உறுப்பினராக இருந்தார். 1949இல் அமெரிக்கக் காங்கிரசின் விசாரணைக் குழுமுன் அதனை ஒப்புக்கொண்ட அவர், பிறர் பெயரைச் சொல்ல மறுத்தார். அதன் விளைவாக மினசோட்டாப் பல்கலைக்கழகப் பதவியை இழந்தார். பல்கலைக்கழகக் கதவுகள் அடைபட்ட நிலையில் கொலராடோ மலைப்பகுதியில் மாடு வளர்த்துப் பல ஆண்டுகள் வாழ்ந்தார். 1957இல் அங்குள்ள பகோசா ஸ்பிறிங்ஸ் என்னும் சிற்றூரின் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கத் தொடங்கினார். பின்னர் கொலராடோப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தபோது, மாணவர் தாம் விரும்பிய வேளையில் வந்து தாமே செய்து பார்க்கும் வகையில் பரிசோதனைகளை ஒரு நூலகம்போல் அமைத்தார். பின்னர் அவர் எழுப்பிய நிறுவனத்தின் கருவை இந்தப் பரிசோதனை நூலகத்திலேயே காண்கிறோம்.

இவ்வரலாற்றை நாம் விரித்துரைப்பதற்குக் காரணமுண்டு. விஞ்ஞானம் அரசினதும் இராணுவத்தினதும் கையில் சிக்குண்டால் யாது நிகழும் என்பதையும், சிந்தனைச் சுதந்திரம் பறிக்கப்பட்டால் விஞ்ஞானி யாதாவான் என்பதையும் தம் வாழ்விலேயே கண்ட ஒருவர், அதன்பின் ஆய்வுகூடத்தை விட்டு மக்களை நோக்கித் திரும்பினார் என்பது கருத்திற் கொள்ளத்தக்கது.

எக்ஸ்புளோரற்றோரியம் 1969இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் திறக்கப்பட்டது. 1915ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்கென எழுப்பப்பட்ட நுண்கலை மாளிகையின் பெரிய, வெறுமையான கொட்டகையே அதன் இருப்பிடமாயிற்று. 2013இல் துறைமுகத்தின் 15ஆம் இறங்குதுறைக்கு மாறும்வரை அது அங்கேயே இயங்கிற்று. மனிதனின் புலனுணர்வு அதன் முதன்மைப் பொருளாக வகுக்கப்பட்டது. கண் எவ்வாறு காண்கின்றது, செவி எவ்வாறு கேட்கின்றது என்று தன் உடலிலிருந்தே தொடங்கும் ஒருவனுக்கு, ஒளியும் ஒலியும் அந்நியமான பாடங்களாகத் தோன்றா என்பதே இதன் அடிப்படை.

அங்குள்ள பரிவு ஊசலை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மிகப் பாரமான ஊசலொன்று தொங்குகின்றது. வருபவர் கையில் இருப்பது நூலில் கட்டிய ஒரு சிறு காந்தம் மட்டுமே. அதனை ஊசலில் ஒட்டவிட்டு வேகமாக இழுத்தால் காந்தம் கழன்றுவிடும்; ஊசல் அசையாது. ஊசலின் இயல்பான அலைவுக்கு இசைய, தக்க தருணத்தில் மெல்ல மெல்ல இழுத்தால், சிறிது நேரத்தில் அப்பெரும் பாரம் வீச்சுடன் ஆடத் தொடங்கும். எமது பாடசாலை மாணவர் பரிவு என்பதன் வரைவிலக்கணத்தைப் பரீட்சைக்காக மனனஞ் செய்வர். இங்கு அதனைச் சிறுவனொருவன் தன் விரல்களால் உணர்கின்றான். தவறாக இழுப்பதும் காந்தம் கழல்வதும் தோல்வியல்ல. அவையே பாடத்தின் முற்பகுதி. பரீட்சை இல்லாத, எவரும் சித்தியடையாது போகாத கல்வி அது.

காட்சிப்பொருள்களினும் முக்கியமானவை அந்நிறுவனத்தின் உள்ளமைப்பில் காணப்படும் மூன்று கூறுகள் என்பது எமது கருத்து. முதலாவதாக, காட்சிப்பொருள்களை ஆக்கும் பட்டறை பின்புறத்தில் மறைக்கப்படவில்லை. வருவோர் கண்ணிற் படும்படி அமைக்கப்பட்டது. தச்சரும் உலோக வேலையாளரும் செய்யும் உழைப்பிலிருந்தே விஞ்ஞானக் கருவி பிறக்கின்றது என்பதை இதனைவிட நேரடியாகக் காட்ட முடியாது. இரண்டாவதாக, விளக்கம் கூறுவோராகக் கலாநிதிகளன்றி, உயர்தரப் பாடசாலை மாணவர் ஊதியம் பெற்று அமர்த்தப்பட்டனர். வகுப்பிற் சிறந்தோரை மட்டுமன்றிப் பல்வேறு சமூகப் பின்னணியினரையும் தேர்ந்தெடுத்தனர். மாட்டுக் கண்ணொன்றை வெட்டி அதன் வில்லையை வெளியே எடுத்துக் காட்டும் மாணவி தானும் அண்மையிற் கற்றவளே. ஆதலின் கேட்போர் அவளிடம் கூச்சமின்றி வினவினர். மூன்றாவதாக, காட்சிப்பொருள்களை ஆக்கும் முறைகள் 1970களின் நடுப்பகுதி தொடக்கம் ‘சமையல் நூல்’ என்னும் பெயரிலேயே நூல்களாக வெளியிடப்பட்டன. பிற நகரத்தாரும் பிற நாட்டினரும் அவற்றைப் பார்த்து ஆக்கிக்கொண்டனர். அறிவு தனியுடைமையாக்கப்படும் ஒரு சமுதாயத்தின் நடுவே இது சாதாரண செயலன்று.

பொதுமக்கள் தாம் வாழும் உலகைத் தம்மால் விளங்கிக்கொள்ள முடியும் என்ற நம்பிக்கையை இழந்துவிட்டால், அவ்வுலகை மாற்றும் முடிவுகளில் பங்குகொள்ளும் துணிவையும் இழந்துவிடுவர் என்று ஒப்பன்ஹைமர் கருதினார். அணுகுண்டைப் பற்றிய முடிவுகள் மக்களுக்கு எட்டாத அறைகளில் எடுக்கப்பட்டதை அறிந்தவரின் கருத்து இது. அவரது நோக்கம் கேளிக்கையன்று. குடியாட்சியே அவரது இலக்காக இருந்தது.

இலக்கு இதுவாயின், வழி அதற்குப் போதுமானதா என்னும் வினா எழுகின்றது. ஊசலை அசைத்த சிறுவனிடம் ‘என்னால் விளங்கிக்கொள்ள முடியும்’ என்ற நம்பிக்கை பிறக்கின்றது. இதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஊசலிலிருந்து அணுமின் நிலையத்துக்கும், வில்லையிலிருந்து உளவுச் செய்மதிக்கும் தானாகச் செல்லும் பாதை எதுவும் இல்லை. எந்த ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவது, எதனைக் கைவிடுவது, பயனை யார் பெறுவது, தீங்கை யார் சுமப்பது என்பன இயற்கை நியதிகளால் தீர்மானிக்கப்படுவனவல்ல. சமூக உறவுகளால் தீர்மானிக்கப்படுவன. ஜே. டி. பேர்ணல் 1939இல் விஞ்ஞானத்தின் சமூகப் பணி பற்றி எழுதிய நூலில் வற்புறுத்திய உண்மை இது. எக்ஸ்புளோரற்றோரியம் இயற்கைத் தோற்றப்பாட்டை அதன் தூய வடிவில் கையில் தந்தது. அத்தோற்றப்பாட்டைச் சூழ்ந்துள்ள வரலாற்றையும் கைத்தொழிலையும் அதிகாரத்தையும் தன் முதன்மைப் பொருளாக்கிக் கொள்ளவில்லை. தம் சொந்த வாழ்வில் மிக ஆழமாக உணர்ந்ததையே நிறுவுநர் காட்சிப்பொருளின் மையத்தில் வைக்கவில்லை என்பது இதன் முரண்.

இவ்வெற்றிடம் வெறுமையாகவே இருக்கும் என எண்ணுவது தவறு. அதனைப் பிறர் நிரப்புவர். ஒப்பன்ஹைமருக்கு ஊக்கமளித்த இலண்டன் விஞ்ஞான நூதனசாலையின் பிற்கால வரலாறு இதற்குச் சான்று. அங்கு 2016இல் சிறுவர் கையாண்டு பயிலும் புதிய கூடமொன்று திறக்கப்பட்டது. அது நோர்வே நாட்டின் எண்ணெய்க் கம்பனியின் பெயரைத் தாங்கிற்று. பொது நுழைவுக்குக் கட்டணம் அறவிடாத அந்நூதனசாலையில் இக்கூடத்துக்கு மட்டும் கட்டணம் அறவிடப்பட்டது. அவ்வனுசரணை 2024இல் முடிவுக்கு வந்தது. 2021இல் காற்றிலிருந்து காபனீரொட்சைட்டை அகற்றுதல் பற்றிய காட்சிக்கு ஷெல் கம்பனி அனுசரணை வழங்கியபோது, அக்கம்பனியின் நற்பெயருக்குப் பங்கம் விளைவிப்பதில்லை என்னும் நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தமை வெளிப்பட்டது. நிலக்கரிச் சுரங்கங்களிலும் பெருமுதலீடு செய்துள்ள அதானி குழுமத்தின் பெயரில், வலுப் புரட்சி பற்றிய கூடம் 2024 மார்ச்சில் திறக்கப்பட்டது. இவ்வனுசரணைகளோடு உடன்படாது முன்னாள் பணிப்பாளர் கிறிஸ் றப்லி 2021இல் ஆலோசனைச் சபையிலிருந்து விலகினார். அதே ஆண்டில் நம்பிக்கைப் பொறுப்பாளர் இருவரும் பதவி துறந்தனர்.

பெரிய நிறுவனத்தை நடத்தப் பணம் வேண்டாமா எனக் கேட்பர். வேண்டும். அரசு தன் பொறுப்பைக் குறைத்துக்கொள்ளும்போது கம்பனிகளின் வாயிலை நாடும் நிர்பந்தம் உண்டாகின்றது என்பதும் உண்மையே. ஆயினும் காட்சிப்பொருளில் பிழையான கூற்று எதுவும் இல்லை என்பது இதற்கு விடையாகாது. அங்கு சொல்லப்பட்டவை யாவும் உண்மையாக இருக்கலாம். எதனைச் சொல்லாது விடுவது என்பதிலேயே அனுசரணையின் செல்வாக்கு உறைகின்றது. காபன் எவ்வாறு அகற்றப்படும் எனக் கேட்கும் சிறுமிக்கு விடை கிடைக்கின்றது. அதனைக் காற்றில் கலந்தவர் யார் எனக் கேட்டால், வாயிலில் பொறித்த பெயரே அவ்வினாவுக்குத் தடையாகின்றது. வியப்பூட்டும் கூடம் அப்போது வினாவை அடக்கும் கூடமாகவும் மாறுகின்றது.

இதற்கு நேர்மாறான பாதையொன்று கேரளத்தில் வகுக்கப்பட்டது. 1962இல் மலையாளத்தில் விஞ்ஞானம் எழுதுவோரின் சிறு அமைப்பாகக் கோழிக்கோட்டில் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத், 1974இல் ‘சமூகப் புரட்சிக்கு விஞ்ஞானம்’ என்பதைத் தன் முழக்கமாக்கிக்கொண்டது. அதன் வலிமை மாளிகைகளில் தங்கியிருக்கவில்லை. நாடகத்தையும் பாடலையும் கொண்ட கலைப் பயணங்கள் ஊர் ஊராகச் சென்றன. சிறுவர் சஞ்சிகை வெளிவந்தது. நூல் விற்பனை அமைப்பின் முக்கிய வருவாயாயிற்று. விறகைச் சிக்கனப்படுத்திப் புகையை வெளியேற்றும் பரிஷத் அடுப்பு சமையலறைகளுக்குள் புகுந்தது. அடுப்படியில் இருமிக்கொண்டு நின்ற பெண்ணுக்கு வெப்பவியல் அன்றாட வாழ்வின் பொருளாயிற்று. சைலன்ட் வேலிப் பள்ளத்தாக்கில் நீர்மின் அணை கட்டும் திட்டத்தைப் பல்துறை அறிஞர் குழுவைக் கொண்டு ஆராய்ந்து பரிஷத் அதனை எதிர்த்தது. அத்திட்டம் கைவிடப்பட, 1984இல் அப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஒப்பன்ஹைமர் விரும்பிய குடியாட்சிப் பங்கேற்பு இங்கு நடைமுறையில் நிகழ்ந்தது.

அதேவேளை, பரிஷத்தின் முறையைக் குறையற்றதெனக் கொள்வதும் பொருந்தாது. இயக்கத்தின் மேடை இயல்பாகவே முடிவுகளை நோக்கி விரைவது. நாடகத்தைக் காண்பவர் சரியான முடிவை ஏற்றுக்கொள்ளலாம். தாமே சோதித்து, பிழைத்து, மீண்டும் சோதிக்கும் ஓய்வும் உரிமையும் அவருக்கு அங்கு குறைவு. தானே கண்டறியாத முடிவு, எத்துணை முற்போக்கானதாயினும், இன்னொரு வேதவாக்காகிவிடும் அபாயமுண்டு. ஊசலின் முன் நிற்கும் சிறுவனுக்கு வாய்க்கும் சுதந்திரம் இயக்கத்துக்கும் தேவை. இயக்கத்தின் சமூக வினா விஞ்ஞான நிலையத்துக்கும் தேவை.

இவ்விடத்தில் மொழியின் பங்கையும் சுட்டுதல் அவசியம். 19ஆம் நூற்றாண்டிலே மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, அதற்கான நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். விஞ்ஞானம் தாய்மொழியில் இயலும் என்பதற்கு எம்மிடையே பழைய சான்று இது. எனினும் தமிழிற் பெயர்ப்பலகை எழுதுவதோடு மொழிப்பணி முடிவதில்லை. விடைகளைத் தமிழிற் கூறுவதினும், வினாக்களைத் தமிழில் எழுப்ப மக்களுக்கு இடமளிப்பதே முக்கியமானது.

எனவே, ஒரு விஞ்ஞான நிலையத்தை மதிப்பிடும்போது அங்கு வந்து செல்வோரின் தொகையையோ கூடத்தின் பொலிவையோ அளவுகோலாகக் கொள்ளுதல் போதாது. அங்கே பொருளை மக்கள் தம் கையால் ஆள முடிகின்றதா, அதனை ஆக்கிய உழைப்பு கண்ணுக்குத் தெரிகின்றதா, அதற்குப் பணம் கொடுத்தவரைப் பற்றியும் வினவ முடிகின்றதா என்பனவே நாம் கேட்க வேண்டியவை. எக்ஸ்புளோரற்றோரியம் முதலிரண்டிலும் ஒப்பற்ற சாதனை புரிந்தது. மூன்றாவதை அது தன் வழித்தோன்றல்களுக்கு விட்டுச் சென்றது. அவற்றுட் சில அவ்வினாவை விலைக்கு விற்றுவிட்டன. அதனை மீட்டெடுக்கும் பொறுப்பு விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரியதன்று. விஞ்ஞானத்தின் பயனையும் தீங்கையும் சுமக்கும் மக்கள் யாவருக்கும் அது உரியது.