பெலிசாரியோவின் படங்களும் நம் தோட்டக் கதைகளும்

ஏழை மக்களைத் தீட்டப் புகும் ஓவியன் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்வான்: அவர்களைக் கேலிப் பொருளாக்குவான், அன்றிக் கண்ணீர்ப் பதுமைகளாக்குவான். இவ்விரண்டிலும் முழுதும் சிக்காத கை ஒன்றைப் பற்றி ஈண்டு எழுதுகின்றேன்.

ஐசக் மெண்டிஸ் பெலிசாரியோ ஜமைக்காத் தீவின் கிங்ஸ்டன் நகரிற் பிறந்த யூதர். 1837, 1838ஆம் ஆண்டுகளில் அந்நகரிலேயே மூன்று பகுதிகளாக அவர் வெளியிட்ட தொகுதியில் 12 கல்லச்சுப் படங்கள் உள. காலத்தை நினைவிற் கொள்ளல் வேண்டும். 1834இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தும், தொழில் பயிலுநர் என்ற புதுப்பெயரால் கரும்புத் தோட்டங்களில் பழைய நுகத்தடியே நீடித்தது. முழு விடுதலை 1838 ஆகஸ்டு முதல் நாளிலேதான். பிரிட்டிஷ் ஆட்சி அடிமைகளை உடையோர்க்கு ஈந்த நட்ட ஈடு 2 கோடி பவுன்; உழைத்தவர்க்கு ஒரு காசுமில்லை. 1845இல் அதே தோட்டங்களுக்கு இந்தியக் கூலிகள் கொண்டு செல்லப்பட்டமையும் நம்மவர் அறியத்தக்கது.

கறுப்பின மக்கள் கிறிஸ்துமஸ் ஓய்வு நாட்களில் ஆடிய ஜான்கானு என்னும் வேடக் கூத்தே இத்தொகுதியின் உயிர். ஒருவன் தலைமீது மாளிகை ஒன்றைத் தாங்கி நிற்கின்றான். தூண், மாடி, சாளரம் ஒன்றும் விடுபடவில்லை. உடலிலோ படைத்தலைவனை ஒத்த அங்கி. குடிலில் உறங்குவோன் துரையின் மாளிகையைத் தலையில் வைத்து ஆடுகின்றான்! பணிந்து சுமக்கின்றானா, பகடி செய்கின்றானா? படம் விடை கூறவில்லை. கூறாமையே அதன் சிறப்பு. இன்னொருவன் நடிகன்: இறகு முடி, வெண்முகமூடி, அடுக்கடுக்கான ஆடை. இவர்கள் ஷேக்ஸ்பியரின் வசனம் பேசிப் போட்டியிடுவராம். அவ்வேடத்திற்குக் 'கூ கூ' என்று ஒரு பெயர். பசித்த வயிறு எழுப்பும் ஓசையே அது என்பது ஓவியரின் குறிப்பு. இத்துணை ஒப்பனைக்கும் பெயர் பசி!

குறை இல்லாமலில்லை. படங்களுடன் அவர் எழுதிய உரையில் மேலோர் பார்வை அடிக்கடி தலைகாட்டுகின்றது. பால் விற்பவள், நீர்ச்சாடி விற்போர், புகைபோக்கி துடைப்பவன் ஆகிய நகரத் தொழிலாளர் உளர். கரும்பு வெட்டும் கை ஒன்றுமில்லை. ஆயினும் அவர் கருத்தைவிட அவர் கண் நேர்மையானது. தையலும் மடிப்பும் கண்டவாறே பதிந்தமையால், அவர் உரை பழமைப்பட்டும் படங்கள் பழமைப்படவில்லை. சுதந்திர ஜமைக்கா 1975இல் தன் கிறிஸ்துமஸ் தபால்தலைகளுக்கு இவற்றையே தேர்ந்தது.

இதனை நம் எழுத்தாளர்க்குச் சொல்லாமல் விடுவதற்கில்லை. மலாயாத் தோட்டத்தைப் பற்றி நாம் எழுதிய கதைகள் பல. விடியுமுன் பெரட்டுக்கு நின்ற பெண் தலைத்துணியை எவ்வாறு கட்டினாள், பால் வெட்டும் கத்தியை எங்கே செருகினாள், மங்கைத் துடைத்த விரல் எந்நிறம் ஆயிற்று என்று அவற்றில் தேடிப் பாருங்கள். அவள் கண்ணீர் மட்டும் பக்கம் பக்கமாக உண்டு.