கேரம் பலகையும் காலடி மண்ணும்: ‘வடசென்னை’ திரைப்படம் குறித்து ஒரு திறனாய்வு

மூலக்கொத்தளம் இடுகாட்டில் இரண்டு இளைஞர்களின் நினைவிடங்கள் உள்ளன. முதலாம் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்டு 1939ஆம் ஆண்டில் உயிர்நீத்த நடராசனும் தாளமுத்துவும் அங்கே அடக்கம் செய்யப்பட்டனர். இப்பகுதியின் மண் இளைஞரை வரலாற்றை நடத்தியவர்களாக நினைவுகூர்கிறது. ஆயினும் வடசென்னை இளைஞரைப் பற்றிப் பேசும் வெளியார் பெரும்பாலும் இரண்டே சொற்களை வழங்குகின்றனர். ஒன்று ‘ரௌடி’, மற்றொன்று ‘பயனாளி’. முதற்சொல்லைப் பரப்பியவை செய்தித்தாள்களும் திரைப்படங்களும். இரண்டாவது சொல்லைப் பரப்பியவர்கள் சமுதாய மேம்பாட்டுப் பணியில் ஈடுபட்ட நாமே.

வெற்றிமாறன் இயக்கி 2018 அக்டோபரில் வெளிவந்த ‘வடசென்னை’ என்னும் படத்தை இந்நோக்கிலேயே இங்கு ஆராய விழைகிறேன். வன்முறை மிகுந்து, வயது வந்தோர்க்கு மட்டும் என்னும் சான்றிதழ் பெற்ற ஒரு படத்தை இறையியல் ஏட்டில் ஆராய்வது தகுமோ என வாசகர் சிலர் வினவலாம். நம் வாலிபர் அனைவரும் பார்த்துவிட்ட ஒன்றைப் போதகர்கள் பாராதிருப்பது நன்றன்று என்பதே என் விடை. மேலும், நம் ஆண்டறிக்கைகள் கூறத் தயங்கும் ஓர் உண்மையை இப்படம் கூறுகிறது.

கதையின் நடுவில் நிற்பவன் ராஜன். முன்பு கடலில் கடத்தல் செய்தவன். பின்னர்த் தன் குப்பத்து மக்களின் காவலனாக மாறியவன். சிறுவர்களுக்கு அவன் ஒரு கேரம் மன்றம் அமைத்துத் தருகிறான். அங்கு பயின்ற அன்பு என்னும் சிறுவன் தேர்ந்த ஆட்டக்காரனாக வளர்கிறான். இதுவரை கதை நம் வாலிபர் ஐக்கியங்களின் கதையினின்று வேறுபட்டதன்று. ராஜனின் மன்றத்தை எவரும் வெறுக்கவில்லை. ஆனால் வளர்ச்சித் திட்டம் ஒன்றின் பெயரால் குப்பத்து மக்களை அகற்ற முயன்றபோது அவன் மறுக்கிறான். அன்றே அவன் முடிவு உறுதியாகிறது. அவனைக் கொல்வோர் அயலார் அல்லர். அவனோடு உண்டு வளர்ந்தவர்களே.

இது நாபோத்தின் கதை. ஆகாபும் யேசபேலும் செய்த பாவத்தைப் பற்றி நாம் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். ஆனால் முத்திரையிட்ட கடிதத்தைப் பெற்று, பொய்ச்சாட்சிகளை நிறுத்தி, நாபோத்தைக் கல்லெறிந்து கொல்வித்தவர்கள் அவன் பட்டணத்து மூப்பரே என்பதை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். வெற்றிமாறன் அதைக் கடந்து செல்லவில்லை. நிலத்தை இழப்பதற்கு முன்பே ஒரு சமுதாயம் உள்ளிருந்து உடைக்கப்படுகிறது என்பதை அவர் தெளிவாகக் காட்டுகிறார்.

இளைஞர் பணி நிலத்தைத் தொடாதவரை போற்றப்படுகிறது, தொட்டவுடன் தண்டிக்கப்படுகிறது. இது திரைக்கதையின் மிகையன்று. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதி நிலக்கரி மிகுந்தது; அங்கு வாழும் மக்களோ வறியவர். 1964ஆம் ஆண்டில் அதிபர் ஜான்சன் வறுமை ஒழிப்புப் போரை அறிவித்தபோது, கெண்டக்கி மாநிலத்தில் ‘அப்பலாச்சியத் தொண்டர்கள்’ என்னும் இளைஞர் அமைப்பு தோன்றியது. மாணவர்கள் மலையூர்களுக்குச் சென்று, ஓரறைப் பள்ளிகளின் கூரையைச் செப்பனிட்டு, சுவர்களுக்கு வண்ணம் பூசினர். யாவரும் பாராட்டினர். நாளடைவில், மேற்பரப்பை வெட்டி நிலக்கரி எடுக்கும் சுரங்கங்கள் வயல்களையும் வீடுகளையும் அழிப்பதைக் கண்டனர். 1967ஆம் ஆண்டின் கோடையில் பைக் மாவட்டத்து உழவர் ஒருவர் தம் நிலத்தைத் தோண்ட வந்த இயந்திரத்தை மறித்து நின்றார். அண்டை வீட்டாரும் தொண்டர்களும் அவர் பக்கம் நின்றனர். சுரங்க அனுமதி நிறுத்தப்பட்டது. ஆனால் அதே ஆகஸ்டில் தொண்டர் அமைப்பின் ஊழியர் ஒருவரும் உடன் உழைத்த வேறு இருவரும் அரசுக்கு எதிரான சதி என்னும் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டனர். அச்சட்டம் செல்லாதென நீதிமன்றம் சில வாரங்களில் தீர்ப்பளித்தது; எனினும் அமைப்பு தன் நிதி ஆதரவை இழந்தது. சுவருக்கு வண்ணம் பூசியபோது தொண்டர். சுவர் நிற்கும் மண்ணைப் பற்றிக் கேட்டபோது சதிகாரர்.

இவ்விடத்தில் என் குறையையும் நான் மறைத்தல் கூடாது. இப்பகுதியில் நான் ஊழியம் செய்த சபையொன்றில் மாலைப் பாடவகுப்பும், தையல் வகுப்பும், வாலிபர்க்கு விளையாட்டு அறையும் நடத்தினோம். அறிக்கையும் புகைப்படங்களும் ஆண்டுதோறும் ஒழுங்காக அனுப்பப்பட்டன. ஒரு கல்வியாண்டின் நடுவில், கால்வாய்க் கரையில் வாழ்ந்த குடும்பங்கள் நகரின் தென் எல்லைக்கு அப்பால் கொண்டுசெல்லப்பட்டன. நாங்கள் ஜெபித்தோம், லாரியில் பாத்திரங்களை ஏற்றிக் கொடுத்தோம், வழிக்குச் சோற்றுப் பொட்டலமும் தந்தோம். ‘ஏன்?’ என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. மறுவாரம் வருகைப் பதிவேட்டில் பெயர்களின்மேல் கோடிட்டேன். அன்று என் கையிலிருந்த பேனாவுக்கும் அப்பட்டணத்து மூப்பர் பெற்ற கடிதத்துக்கும் உள்ள உறவை, இப்படத்தைக் கண்ட பின்னரே உணர்ந்தேன்.

படத்தின் குறைகளையும் கூறவேண்டும். சிறைக்குள் நடைபெறும் கேரம் போட்டியில், ராஜனின் கொலைக்கு உடன்பட்ட செந்திலை அன்பு தாக்குகிறான். இளைஞரை ஒன்றுசேர்த்த பலகை கத்தியை மறைக்கும் திரையாகிவிடுகிறது. இது வலிமை வாய்ந்த காட்சி. ஆனால் அதன்பின் படம் அம்மன்றத்தை மறந்தே போகிறது. ராஜனின் மனைவி சந்திரா கணவனின் நினைவை ஆண்டுக்கணக்கில் காத்துநிற்பவள். அவளுக்கும் பழிதீர்க்கும் சூழ்ச்சி ஒன்றே வழங்கப்பட்டுள்ளது. குப்பத்து மக்கள் கூடிப் பேசி, மனு எழுதி, வழக்காடி, தோற்று, மீண்டும் கூடும் நீண்ட உழைப்புக்குத் திரையில் போதிய இடமில்லை. நிலத்தைக் காக்க வீரன் ஒருவன் வேண்டும் என்று முடிப்பது, தொண்டு நிறுவனம் ஒன்று வேண்டும் என்னும் நம் முடிவைப் போன்றதே. இரண்டிலும் மக்கள் பார்வையாளராகவே இருக்கின்றனர்.

படத்தில் பலகையைச் சுற்றி நிற்போர் ஆண்களே. மெய்யான வடசென்னை இதனை மறுத்துவிட்டது. வியாசர்பாடியில் வளர்ந்த இளவழகி 2008ஆம் ஆண்டில் கேரம் உலகப் பட்டம் வென்றார். ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்கள் பெற்றார். காசிமாவுக்குப் பயிற்சி தந்தவர் அவர் தந்தையே. அவர் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் கற்பிப்பவர். இவர்களை வெறும் பயனாளிகள் என்று கூறமுடியாது. தெருவே எழுப்பிய பிள்ளைகள். அத்தெரு அங்கே நிலைத்திருந்ததால்தான் இது கூடிற்று. குடும்பங்களை முப்பது கிலோமீட்டர் தொலைவுக்குப் பெயர்த்தால் வீடு கிடைக்கலாம். ஆசானும் அண்டை வீட்டாரும் ஆட்டத் தோழரும் உடன் வருவதில்லை.

எனவே சமுதாய மேம்பாட்டுப் பணிக்கு மாணவர்களை ஆயத்தப்படுத்தும் நாம், தையல் இயந்திரம் எத்தனை என்று எண்ணுமுன், அது வைக்கப்படும் வீடு எவர் நிலத்தில் நிற்கிறது, எத்தனை நாள் நிற்கும் என்று கேட்கக் கற்பிக்கவேண்டும். சிறுவரும் சிறுமியரும் வீதிகளில் நிறைந்து விளையாடும் எருசலேமை சகரியா தீர்க்கதரிசி கண்டார். அத்தரிசனத்தில் பிள்ளைகள் மட்டுமல்ல, வீதிகளும் உண்டு. நம் பணித்திட்டங்களில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டோம், வீதிகளை விட்டுவிட்டோம்.