வாஷிங்டன் போய்ச் சேராத பந்தயம்

கார் பந்தயப் படம் என்று ஆசை காட்டி ஒருவரை உட்காரவைத்து ‘டூ-லேன் பிளாக்டாப்’ படத்தைப் போட்டால், அரை மணி நேரத்தில் நம்மை முறைக்க ஆரம்பித்துவிடுவார். வண்டிகள் பறப்பதில்லை. வில்லன் கிடையாது. கோப்பையும் கிடையாது. ஆனால் 1971இல் மான்டி ஹெல்மன் எடுத்த இந்த அமெரிக்கப் படத்தின் ரசிகர்கள் ஒன்றுகூடினால் பேச்சு இன்றைக்கும் ஒரே இடத்துக்குத்தான் வந்து நிற்கும்: ஜெயித்தது யார்?

ஆட்ட விவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் 1955 மாடல் செவர்லே. பெயின்ட்கூட அடிக்காமல் சாம்பல் நிற பிரைமரோடு திரியும் பழைய வண்டி. பானட்டைத் தூக்கினால்தான் சங்கதி தெரியும். உள்ளே 454 கன அங்குல என்ஜின். ஓட்டுகிறவன் பெயர் ‘டிரைவர்’, கூட வருகிறவன் பெயர் ‘மெக்கானிக்’. அதற்கு மேல் ஊர் பேர் எதுவும் கிடையாது. மறுபக்கம் ஷோரூம் பளபளப்போடு 1970 மாடல் பான்டியாக் ஜி.டி.ஓ. அதை ஓட்டுகிற நடுத்தர வயது ஆசாமிக்கு வண்டியின் பெயரே பெயர். அமெரிக்காவின் தென்மேற்கிலிருந்து தலைநகர் வாஷிங்டன் வரை பந்தயம். பணயம், வண்டியேதான். இரண்டு ஆர்.சி.களையும் வாஷிங்டன் தபால் நிலையத்துக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுகிறார்கள். முதலில் போகிறவர் இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம்.

யாரும் போய்ச் சேரவில்லை. தகராறே அங்கேதான் தொடங்குகிறது.

தியேட்டரில் ஒரு தடவை பார்த்தவர்களால் இந்தத் தகராறைத் தீர்த்திருக்கவே முடியாது. படம் வருவதற்கு முன்பே ‘எஸ்கொயர்’ பத்திரிகை 1971 ஏப்ரல் இதழின் அட்டையில் இதைப் போட்டு, முழுத் திரைக்கதையையும் உள்ளே அச்சிட்டு, ஆண்டின் சிறந்த படம் என்று பட்டமும் கட்டிவிட்டது. தயாரித்த யுனிவர்சல் நிறுவனத்தின் தலைவர் லூ வாஸர்மனுக்கோ படம் துளியும் பிடிக்கவில்லை. விளம்பரம் இல்லாமல் வெளியானது, வந்த சுவடு தெரியாமல் போனது. அதன்பிறகு இரவுக் காட்சிகளிலும் தொலைக்காட்சியிலும் கண்ணில் பட்டால் உண்டு. வீடியோ கேசட் யுகம் முழுவதும் கடைகளில் இந்தப் படம் கிடைக்கவில்லை. காரணம் பாட்டு. அந்தக் காலத்து ஒப்பந்தங்களில் வீடியோ என்ற பேச்சே இல்லை. படத்தில் ஒலிக்கும் ‘தி டோர்ஸ்’ குழுவின் பாட்டு உட்பட சிலவற்றுக்குப் புதிதாக உரிமை வாங்க வேண்டியிருந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கதாநாயகர்கள் இருவருமே பாட்டுக்காரர்கள். டிரைவராக வருகிற ஜேம்ஸ் டெய்லர் அப்போது புகழின் உச்சியில் இருந்த பாடகர். மெக்கானிக் டென்னிஸ் வில்சன் ‘பீச் பாய்ஸ்’ குழுவின் டிரம்மர். படத்தில் இருவரும் ஒரு வரிகூடப் பாடவில்லை. மற்றவர்களின் பாட்டுதான் படத்தைப் பூட்டிவைத்தது.

சியாட்டில் நகரத்து ‘ஸ்கேர்க்ரோ வீடியோ’ கடைக்காரர்கள் ரசிகர்களிடம் கையெழுத்து வாங்கி யுனிவர்சலுக்கு மனுப் போட்டார்கள். 1999இல் ‘ஆங்கர் பே’ நிறுவனம் ஒருவழியாக டிவிடி கொண்டுவந்தது. 2007இல் ‘கிரைட்டீரியன்’ நிறுவனத்தின் இரட்டை டிஸ்க், 2013இல் ப்ளூ-ரே. அன்றுமுதல் ரசிகர்கள் கையில் ரீப்ளே வந்தது. கிரிக்கெட்டில் மூன்றாவது நடுவர் வந்த பிறகு ரன்-அவுட் பேச்சு எப்படி மாறியதோ, இங்கேயும் அப்படித்தான் மாறியது.

முதலில் தெளிவானது, பாதித் திரையைப் பார்த்துக்கொண்டு இத்தனை காலம் சண்டை போட்டிருக்கிறோம் என்பது. ஹெல்மன் இதை டெக்னிஸ்கோப் முறையில் எடுத்தார். அகலம் உயரத்தைப்போல இரண்டேகால் மடங்குக்கும் மேல். பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் சதுரத்துக்குள் அதை வெட்டி அடைத்தால், அக்கம்பக்கமாக நிற்கிற இரண்டு கார்களில் ஒன்று காணாமல் போய்விடும். பந்தயப் படத்தில் ஒரு போட்டியாளர் மட்டும் தெரிந்தால் என்ன அலசுவது? டெக்னிஸ்கோப்பில் இன்னொரு வசதியும் உண்டு. குறைந்த குவியத் தொலைவு லென்ஸ் போதும் என்பதால், முன் சீட்டில் இருக்கிற முகமும் கண்ணாடிக்கு வெளியே ஓடுகிற சாலையும் சேர்ந்தே துல்லியமாக இருக்கும். டெய்லரின் கண்ணையும் அவர் பார்க்கிற தார் ரோட்டையும் ஒரே ஷாட்டில் படிக்க முடிகிறது.

டெய்லர் நடிக்கவே தெரியாதவர் என்பது பழைய குற்றச்சாட்டு. திரைக்கதையை முழுதாகக் கொடுக்காமல் அன்றன்றைய பக்கங்களை மட்டும் கொடுத்தார் ஹெல்மன். டெய்லருக்கு அதில் கடுப்பு. அந்தக் கடுப்பு அப்படியே முகத்தில் உட்கார்ந்திருக்கிறது, அது பாத்திரத்துக்குப் பொருந்தியும் இருக்கிறது. ஆனால் அதை நடிப்பு என்று சொல்லி மார்க் போட எனக்கு மனம் வரவில்லை. என் கட்சி டென்னிஸ் வில்சன். வண்டியில் உட்கார்ந்திருக்கும்போதும் அவர் காது என்ஜின் பக்கமே இருக்கிறது. கார்புரேட்டர் பற்றிப் பேசும்போது, காய்ச்சலில் படுத்திருக்கிற பிள்ளையைப் பற்றிப் பேசுகிற குரல் வந்துவிடுகிறது. ‘நான் நடிக்கிறேன் பார்’ என்கிற அசைவு ஒன்றுகூட அவரிடம் இல்லை. இந்த அணியின் நிஜமான ஆல்ரவுண்டர் அவர்தான். பேர் என்னவோ டெய்லருக்குப் போய்விட்டது.

ஆட்ட நாயகன் யார் என்பதில் மட்டும் எந்த ரசிகருக்கும் சந்தேகம் இல்லை. ஜி.டி.ஓ.வாக வருகிற வாரன் ஓட்ஸ். வழியில் லிஃப்ட் கேட்கிற ஒவ்வொருவரையும் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் ஒரு புது சுயசரிதை சொல்கிறார். ஆளுக்கு ஏற்ற கதை, கதைக்கு ஏற்ற கேசட். ஸ்வெட்டரும் மாறிக்கொண்டே இருக்கிறது. தியேட்டரில் இதைப் பார்த்தவர்கள் ‘ஒரு புளுகன்’ என்று சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். நிறுத்தி, பின்னால் தள்ளிப் பார்க்கும்போது வேறொன்று பிடிபடுகிறது. பொய் ஆரம்பிக்கும் முன் ஓட்ஸ் பக்கத்து சீட்டை ஒரு கணம் ஓரக்கண்ணால் அளவெடுக்கிறார். எதிராளி எந்தப் பந்தை விரும்புவான் என்று பார்த்துப் போடுகிற சுழற்பந்து வீச்சாளரின் பார்வை அது. அவர் உண்மைக்குப் பக்கத்தில் வருகிற இடம் ஒன்றுதான். டிரைவரிடம் தன் வாழ்க்கை சிதறிய கதையை எடுக்கிறார். டிரைவர் அது தன் பிரச்சினை இல்லை என்று வெட்டிவிடுகிறான். ஓட்ஸ் முகத்தில் சிரிப்பு போவதில்லை. எங்கே வைப்பது என்று தெரியாமல் அங்கேயே நிற்கிறது.

இனி தீர்ப்பு. இரண்டு தரப்பும் பந்தயத்தை ஒழுங்காக ஓடவே இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். எதிராளியின் வண்டி மக்கர் செய்தால் நின்று சரிசெய்து கொடுக்கிறார்கள். ஸ்டியரிங்கை மாற்றிக்கொள்கிறார்கள். செவர்லேயில் ஏறிக்கொண்ட பெண் (லாரி பேர்ட்) இரு வண்டிக்கும் மாறி மாறிப் போய்வருகிறாள். திருப்புமுனை மெம்ஃபிஸ் அருகே. கைச்செலவுக்காக டிரைவர் அங்கே ஒரு டிராக் ரேஸில் இறங்குகிறான். அந்த நேரத்தில் பெண் ஜி.டி.ஓ.வில் ஏறிப் போய்விடுகிறாள். டிரைவர் துரத்துகிறான். படத்தில் முதல் தடவையாக அவன் பந்தயத்துக்காக அல்லாமல் வேறெதற்காகவோ ஓட்டுகிறான். என் கணக்கில் ஆட்டம் முடிந்தது அந்த நிமிடத்தில்தான். அவன் களத்தை விட்டு வெளியே போய்விட்டான். அவளோ இரண்டு பேரையும் விட்டுவிட்டு, வழியில் வந்த மோட்டார் சைக்கிள்காரனோடு கிளம்பிவிடுகிறாள்.

அப்படியானால் ஜி.டி.ஓ. வாக்ஓவரில் ஜெயித்தாரா? சிலர் அடித்துச் சொல்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன், அவரும் வாஷிங்டனை மறந்துவிட்டார். ஆனால் அவர் கடைசியாக ஏற்றிக்கொள்கிற இரண்டு ராணுவ வீரர்களிடம் சொல்கிற கதையைக் கவனிக்க வேண்டும். தானே கட்டிய 1955 செவர்லேயில் ஓடி, இந்த ஜி.டி.ஓ.வைப் பந்தயத்தில் ஜெயித்ததாகச் சொல்கிறார்! எதிரணியின் வண்டி, எதிரணியின் திறமை, எதிரணியின் வெற்றி எல்லாம் அவர் கணக்கில் வரவாகிவிட்டது. படம் முழுக்க யாராவது வாய்விட்டு ‘ஜெயித்தேன்’ என்று சொல்கிற முடிவு இது ஒன்றுதான். சொல்கிறவரோ படத்திலேயே பெரிய பொய்யர்.

டிரைவருக்கு இன்னொரு பந்தயம் மிச்சமிருக்கிறது. புறப்பட்டதும் சத்தம் அடங்கி, படம் மெதுவாகி, ஃபிலிமே நின்று நடுவில் கருகிப் பொசுங்குகிறது. புரொஜெக்டரில் ஃபிலிம் சிக்கி எரிந்தால் எப்படி இருக்குமோ அப்படி. 1971இல் தியேட்டரில் இருந்தவருக்கு அந்தப் பயம் நிஜம். டிஸ்க்கில் எரிய ஃபிலிம் ஏது என்று கேட்டு, இந்த முடிவு வீட்டில் எடுபடவில்லை என்கிறது ஒரு கட்சி. எனக்கு அது எடுபடுகிறது. கிரைட்டீரியன் டிஸ்க்கில் ஐந்து புள்ளி ஒன்று ஒலியும் இருக்கிறது, பழைய மோனோவும் இருக்கிறது. மோனோவில் போட்டுப் பாருங்கள். செவர்லேயின் உறுமல் ஒரே ஸ்பீக்கரிலிருந்து வந்து, சட்டென்று அறுந்துபோகிற இடத்தில் உங்கள் கை ரிமோட்டைத் தேடும்.