கோணத்துக்கு முன்னால் ஒரு கண்

முதுகெலும்பின் பின்பக்கத்தில், அடுத்தடுத்த இரு முள்ளெலும்புகளை இடமும் வலமுமாக இணைப்பவை ஃபேசட் மூட்டுகள். இடுப்புப் பகுதியின் மேல்மட்டங்களில் இவற்றின் பரப்புகள் பெரும்பாலும் முன்பின்னாக நின்று, உடல் முறுக்கிக்கொள்வதைத் தடுக்கின்றன. கீழே இறங்க இறங்கப் பக்கவாட்டில் திரும்பி, ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்பும் திருவெலும்பும் சேரும் எல்5–எஸ்1 மட்டத்தில் மேலெலும்பு முன்னே வழுக்காமல் காக்கின்றன. இந்தத் திருப்பத்தை ஒரே கோணத்தில் சொல்லிவிடுவது ஸ்கேன் படிப்பவரின் நுட்பங்களுள் அழகானது.

முறை எளிது. சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. குறுக்குவெட்டில், முள்ளெலும்புகளுக்கிடையேயான வட்டின் நடுவையும் முதுகு முள்ளின் அடியையும் இணைத்து நடுக்கோடு வரையப்படுகிறது. மூட்டின் உள்முன் விளிம்பையும் வெளிப்பின் விளிம்பையும் இணைப்பது இரண்டாம் கோடு. இரண்டும் சந்திக்கும் கோணமே மூட்டின் திசை.

கைத்திறன் தெரிவது கோடு போடுவதற்கு முன்புதான். வெட்டு வட்டுக்கு இணையாக இருக்கவேண்டும். எல்5–எஸ்1 வட்டு வெகுவாகச் சாய்ந்திருப்பதால் அதற்கென வெட்டைத் தனியாகச் சாய்க்கவேண்டும். கோலார் தங்கவயலிலும் இதே சிக்கல் உண்டு. 2001இல் சுரங்கம் மூடப்படும்வரை அங்கு வெட்டப்பட்ட சாம்பியன் ரீஃப் படிவம் வடக்குத் தெற்காக ஓடி மேற்கே சரிவது. அத்தகைய படிவத்தைக் கோணலான வெட்டுமுகத்தில் பார்த்தால் சரிவு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். எலும்பிலும் வெட்டு பிசகினால் கோணம் பிசகும்.

அடுத்தது விளிம்பு. மூட்டுத் தேய்ந்தவர்களிடம் வளரும் எலும்பு முனைகளை அசல் விளிம்போடு சேர்த்துவிடக்கூடாது. பல மூட்டுகள் நேராக இல்லாமல் வளைந்திருக்கும். ஒற்றைக் கோடு அந்த வளைவைத் தட்டையாக்கிவிடுகிறது. மெல்லிய வெட்டுகளிலிருந்து முப்பரிமாணப் பரப்பை உருவாக்கும் முறைகள் இக்குறையைத் தீர்க்க முயல்கின்றன. எலும்பின் விளிம்பு சி.டி.யில் தெளிவு, குருத்தெலும்பையும் வட்டையும் எம்.ஆர்.ஐ. கதிர்வீச்சின்றிக் காட்டுகிறது.

மூன்றாவது, ஆதாரக் கோடு. நடுக்கோட்டிலிருந்து 30° என்பது பக்கவாட்டுத் தளத்திலிருந்து 60°. போடனும் சகாக்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வு இரண்டாம் முறையைக் கையாண்டது. எல்4–எல்5 மட்டத்தில் இருபுறக் கோணமும் 45°ஐத் தாண்டியவர்களுக்குத் தேய்மானத்தால் எலும்பு முன்வழுக்கும் வாய்ப்பு 25 மடங்கு என்றது அது. ஆனால் திசை தேய்மானத்துக்குக் காரணமா, அதன் விளைவா என்ற விவாதம் நீடிக்கிறது.

இடமும் வலமும் வெவ்வேறு கோணத்தில் நிற்பதும் உண்டு. இந்தச் சமமின்மைக்கும் வட்டுப் பிதுக்கத்துக்கும் தொடர்பிருப்பதாக ஃபார்ஃபனும் சல்லிவனும் 1967இல் எழுதினர். பின்வந்த ஆய்வுகள் ஒருமனதாக இல்லை. அளப்பவருக்கு அளப்பவர் சில பாகைகள் மாறக்கூடும் என்பதால், சிறு வேறுபாட்டை நோயென்று படிக்கலாகாது. அளந்த மட்டம், வெட்டின் சாய்வு, ஆதாரக் கோடு, இருபுறக் கோணங்கள் ஆகிய நான்கையும் சொல்லும் அறிக்கையே இன்னொருவர் சரிபார்க்கக்கூடிய அளவீடு.