கொலும்: நாவலிலும் திரையிலும்

நாவலொன்றைத் திரைப்படமாக்குவோர் அதன் நிகழ்ச்சிகளுட் சிலவற்றைக் குறைத்தலும் சிலவற்றைக் கூட்டுதலும் இயல்பே. குறைந்தவற்றையும் கூடியவற்றையும் எண்ணிக் கணக்கிடுதல் திறனாய்வு ஆகாது. ஒரு மாற்றம் பாத்திரத்தின் உயிர்நிலையைத் தொட்டதா, அதனால் நூலின் அறநோக்கு வேறுபட்டதா என்று ஆராய்தலே பயனுடையது. நன்மைக்கும் தீமைக்கும் இடையே நின்று அலைக்கழியும் பாத்திரங்களைப் பொறுத்தவரை இவ்வாராய்ச்சி இன்றியமையாதது. அத்தகைய பாத்திரங்களுள் ஒன்று, ஜே. ஆர். ஆர். ரொல்கீன் 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளியிட்ட 'லோட் ஒவ் த றிங்ஸ்' என்னும் அற்புதக் கதை நாவலில் வரும் கொலும். பீற்றர் ஜக்சன் இயக்கத்தில் 2001 முதல் 2003 வரை ஆண்டுக்கொன்றாக வெளிவந்த மூன்று திரைப்படங்கள் இப்பாத்திரத்தை உலகெங்கும் அறியச் செய்தன. ஆயினும் திரையிற் கண்ட கொலும் நாவலிற் கண்ட கொலும் அல்லன்.

ஆற்றங்கரையில் வாழ்ந்த சிமீகோல் என்பவன், தன் நண்பன் கண்டெடுத்த மோதிரத்தின் மேற் கொண்ட ஆசையால் அவனைக் கொன்றான். சுற்றத்தாரால் வெறுத்துத் துரத்தப்பட்டு, மலைக்கடியில் இருளில் ஏறத்தாழ 500 ஆண்டுகள் ஒளிந்து வாழ்ந்து, கொலும் என்னும் இழிபெயர் பெற்றான். மோதிரம் பில்போவின் கையிற் சேர்ந்து, பின்னர் அவன் வாரிசாகிய புரோடோவை அடைகிறது. அதனை எரிமலைத் தீயில் இட்டு அழிக்கச் செல்லும் புரோடோவும் அவன் பணியாளன் சாமும் பின்தொடர்ந்து வந்த கொலுமைப் பிடிக்கின்றனர். புரோடோ இரக்கங்காட்டுகிறான், கொலும் ஆணையிட்டு வழிகாட்டியாகிறான். மோதிரத்தின் மேல் வேட்கை ஒருபுறம், பழைய பெயரால் தன்னை அழைத்த தலைவன் மேல் அரும்பும் அன்பு மறுபுறம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட போராட்டமே கொலுமின் கதை.

இப்பாத்திரத்தை முதலில் மாற்றியவர் ஆசிரியரே என்பது நினைவுகூரத்தக்கது. 1937 இல் வந்த 'ஹொபிற்' என்னும் நூலின் முதற்பதிப்பில், விடுகதைப் போட்டியில் தோற்ற கொலும் வாக்குப்படி மோதிரத்தைப் பரிசாகக் கொடுக்க முன்வருகிறான். அடுத்த நாவலிற்கு அது பொருந்தாமையால் 1951 ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்வத்தியாயம் திருத்தப்பட்டது. மோதிரத்தை இழந்து வெகுளும் கொலும் அப்பொழுதே தோன்றினான். எனவே மாற்றம் என்ற ஒன்றைக்கொண்டே திரைப்படத்தைப் பழித்தல் முறையன்று. மாற்றம் எதன்பொருட்டு, அதனால் இழந்தது யாது என்பனவே வினாக்கள்.

2002 ஆம் ஆண்டுத் திரைப்படத்திற் பலராலும் போற்றப்பெற்றது கொலும் தன்னோடு தானே வாதிடுங் காட்சி. நடிகர் அண்டி சேர்க்கிஸின் குரலையும் மெய்ப்பாட்டையும் அடிப்படையாகக் கொண்டு கணினியால் உருவாக்கப்பட்ட அவ்வுருவத்தைக் கமரா ஒருமுறை இப்புறமும் ஒருமுறை அப்புறமும் நின்று காட்ட, ஒருவனே இருவராகிறான். முடிவிற் சிமீகோல் கொலுமை விரட்டிவிட்டுக் கூத்தாடுகிறான். உள்ளத்துள் நிகழும் போரைக் கட்புலனாக்கிய இக்காட்சியின் திறன் மறுக்கவொண்ணாதது. ஆனால் நாவலில் இவ்வெற்றி இல்லை. அங்கே இரு குரல்களும் மோதிரத்தையே நாடுகின்றன. ஒன்று ஆணையை நினைத்துத் தயங்குகிறது, மற்றது தூண்டுகிறது. கண்ணில் மங்கிய ஒளியும் பச்சையொளியும் மாறிமாறித் தோன்ற, உறங்கும் புரோடோவை நோக்கிக் கைகள் நீளுகின்றன. இன்னும் ஒரு வேறுபாடு உண்டு. திரையில் அவ்வேளை மற்றையோர் உறங்குகின்றனர். நாவலிலோ உறங்குவான் போற் கிடந்து சாம் அனைத்தையும் கேட்கிறான். இச்சிறு வேறுபாட்டின் பயன் பின்னரே விளங்கும்.

கிரித் உங்கோல் என்னும் கணவாயின் படிக்கட்டில் நிகழ்வதே நாவலின் உச்சக்கட்டம். ஷீலொப் என்னும் பெருஞ்சிலந்திக்கு இருவரையும் இரையாக்கும் சூழ்ச்சியை ஒருவாறு முடித்துவிட்டுக் கொலும் திரும்புகிறான். சாமின் மடியிற் தலைவைத்துப் புரோடோ உறங்குகிறான். காவலிருந்த சாமும் அயர்ந்துவிட்டான். அவர்களை நோக்கிய கொலுமின் கண்ணிலிருந்த கொடுமை தணிகிறது. வந்த வழியைத் திரும்பிப் பார்க்கிறான், தலையசைக்கிறான், நடுங்குங் கையை நீட்டிப் புரோடோவின் முழங்காலை மெல்லத் தொடுகிறான். அக்கணத்தில் அவன் மூப்பால் நலிந்த ஓர் ஏழைக் கிழவன். தலைவன் அசையவே விழித்த சாம், அவன் கை தலைவன் மேல் இருக்கக் கண்டு, களவாய்த் திரிபவன் எனக் கடிந்துரைக்கிறான். கண்ணிற் பச்சையொளி மீண்டும் எழுகிறது. திருந்தும் வாய்ப்பு நழுவிவிடுகிறது. சாம் பின்னர் வருத்தந் தெரிவித்தும் பயனில்லை. 1963 ஆம் ஆண்டில் எழுதிய கடிதமொன்றில் ஆசிரியர், தமக்கு மிகுந்த அவலமாகத் தோன்றுவது இக்கட்டமே போலும் என்று குறித்துள்ளார்.

இவ்வவலத்தின் ஆழம் சாமிடத்தே உள்ளது. அவன் தீயவன் அல்லன். அன்பும் விசுவாசமும் மிக்கவன். கொலுமின் தீய எண்ணத்தைத் தன் செவியாற் கேட்டவன். ஆதலின் அவன் ஐயம் நியாயமானது. அந்நியாயமான ஐயமே ஒரு கணம் தோன்றிய நன்மையைக் காணவொட்டாது அவன் கண்ணை மறைத்தது. நல்லவனின் கடுஞ்சொல்லும் ஒருவனை மீளாக் குழியில் தள்ளக்கூடும் என்பதை இதனினும் எளிமையாய் உணர்த்துதல் அரிது.

2003 ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் இக்கட்டம் இல்லை. மாறாக, கொலும் வழியுணவை எறிந்துவிட்டு அதன் துகளைச் சாமின் மேலாடையில் தூவிப் பழி சுமத்துகிறான். புரோடோ அதை நம்பிச் சாமைத் திருப்பி அனுப்புகிறான். கொலுமின் சூழ்ச்சியைச் சாம் கேட்பதும் இப்படத்தில் உண்டு. ஆனால் அது அவன் எப்பொழுதும் சரியானவன் என்பதை நிறுவவே பயன்படுகிறது. கொலுமின் மனமாற்றத்திற்குத் திரைப்படம் வேறொரு காரணங் காட்டுகிறது. பராமிரின் வீரர் கையிற் கொலும் அகப்படப் புரோடோ உடன்பட நேர்வது நாவலிலும் உள்ளது; வீரர் அவனை அடித்து வருத்துவதைக் காட்டித் திரைப்படம் அதனையே திருப்புமுனை ஆக்குகிறது. அதன்பின் படிக்கட்டில் ஏறும் கொலுமிடம் போராட்டம் இல்லை, வஞ்சமே உண்டு.

இம்மாற்றத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. இரண்டாம் பாகத்தின் இறுதியில் வரும் சிலந்திக் குகை நிகழ்ச்சி மூன்றாம் படத்திற்குத் தள்ளப்பட்டமையால், அதற்கு முன்னுள்ள பயணத்தை நிரப்பப் புதிய முரண்பாடு ஒன்று வேண்டியதாயிற்று. ஓசையற்ற ஒரு மனமாற்றத்தைத் திரை காட்டவியலாது என்று வாதிடுவாரும் உளராகலாம். அவ்வாதம் நில்லாது. இருகுரல் வாதத்தை முகக்குறிப்பாலேயே நிகழ்த்திக் காட்டிய கலைஞருக்கு, முழங்காலைத் தொடும் ஒரு நடுங்குங் கை அரியதன்று. குறை திரைக்கலையின் குறையன்று, தேர்வின் குறை.

அத்தேர்வின் விளைவு இறுதிவரை தொடர்கிறது. நாவலில், எரிமலைச் சரிவிற் கொலும் தன் வாள்முனையில் அகப்பட்டபோது சாம் அவனைக் கொல்லவில்லை. சிறிது நேரம் மோதிரத்தைத் தாங்கிய அவனுக்கு அச்சுமையால் நைந்தவனின் துயர் விளங்குகிறது. படிக்கட்டில் இல்லாத இரக்கம் மலைச்சரிவிற் பிறக்கிறது. புரோடோ மோதிரத்தைத் தனதென உரிமை கொண்டபோது, கொலும் விரலோடு அதைக் கடித்தெடுத்துக் களிகொண்டு ஆடித் தவறித் தீயில் விழுகிறான். உயிரோடு விடப்பட்டவனாலேயே உலகம் காக்கப்படுகிறது. திரையிற் சாமின் இவ்விரக்கம் இல்லை. மோதிரத்திற்காகப் புரோடோ போரிட, இருவரும் விளிம்பிலிருந்து சரிகின்றனர். இரக்கத்தின் பயனாய் நிகழ்ந்தது கைகலப்பின் முடிவாகிறது.

ஆகவே திரைப்படம் சிதைத்தது கொலுமை மட்டுமன்று. அவன் போராட்டத்தைக் கண்முன் நிறுத்தியது அதன் பெருமை. அப்போராட்டத்திற் பிறர்க்குள்ள பங்கை நீக்கியது அதன் சிறுமை. ஒருவன் திருந்துவதும் கெடுவதும் அவன் உள்ளத்தில் மட்டும் தீர்வதில்லை, அவனை நோக்கும் மற்றவரின் பார்வையிலும் சொல்லிலும் தங்கியுள்ளது என்று நாவல் காட்டுகிறது. சாமுக்கு ஒரு பிழையும் வையாத திரைப்படம், அவன் பின்னர் அடைந்த உயர்வையும் அவனுக்கு அளிக்கவில்லை.